சாப்பாட்டுக்கு முன்

ஐந்து நாளாகத் திறக்க மறுத்த வாய் இப்போது மூடவில்லை. அம்மாவின் பழைய யூனிஃபார்ம் சேலையிலிருந்து நான்கு விரல் அகலத்துக்கு ஒரு துண்டைக் கிழித்து, தாடைக்கு அடியில் கொடுத்து, காதோரமாக ஏற்றி உச்சியில் முடிச்சுப் போட்டாள் ரத்னம்மா. முடிச்சு நழுவி நெற்றிக்கு வந்தது. மறுபடி அவிழ்த்தாள்.

"கொஞ்சம் அழுத்திப் புடிங்க டீச்சரம்மா. அவங்களுக்கு நோவாது."

தபிதா இரண்டு கையாலும் தாடையைத் தூக்கிப் பிடித்தாள். எத்தனையோ முறை இதே இடத்தில் பிடித்து மாத்திரை போட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் அம்மா தலையை உதறுவாள், ஒருமுறை விரலைக் கடித்தும் இருக்கிறாள். இப்போது தாடை சொன்னபடி கேட்டது. ரத்னம்மா இரண்டாவது முடிச்சையும் இறுக்கிவிட்டு, வெடித்திருந்த உதட்டில் விரலால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

"இன்னா உதடு இது. வெயில்ல கெடந்த வாழமட்ட மாதிரி" என்றாள். சொன்ன பிறகு தபிதாவைப் பார்க்காமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை. இருட்டோடு அம்மாவின் மூச்சு நின்றது; விடிந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. குடங்கள் ஒன்றோடொன்று மோதின. சபையில் துக்கமணி அடிக்க ஆள் போயிருந்தது. மணி அடித்துவிட்டால் வீடு நிறைந்துவிடும். அதற்குள் ரத்னம்மாவிடம் ஏதாவது பேச வேண்டும் என்று தபிதா நினைத்தாள். எழுந்து சமையலறை வாசல் வரை போனாள். ரத்னம்மா குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ் கதவில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. தபிதா திரும்பி வந்துவிட்டாள்.

அந்தத் தாளை அவள் எழுதி ஆறு நாள் ஆகிறது.

ரத்னம்மா வந்தும் ஆறு நாள்தான். அதற்கு முன் ஒன்றரை வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் கலைவாணி, சபையைச் சேர்ந்த பெண். நாயுடுபேட்டைப் பக்கம் புதிதாக வந்த கம்பெனியில் பெண்களைச் சேர்க்கிறார்கள், வீட்டு வாசலுக்கு வேன் வருகிறது, கேன்டீன் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். "அங்க எல்லாருக்கும் அவங்கவங்க பேரு ஞாபகம் இருக்கும்க்கா" என்று சிரித்தாள். தபிதாவுக்குக் கோபம் வரவில்லை. பொறாமையாகத்தான் இருந்தது.

அம்மாவுக்குப் பெயர்கள் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. முப்பத்து நான்கு வருடம் நர்ஸாக இருந்த ஜெயகுமாரிக்கு இப்போது வீடு முழுவதும் வார்டு. தபிதாவைப் பார்த்து, "சிஸ்டர், உங்களுக்கு டே டூட்டியா நைட் டூட்டியா?" என்று கேட்பாள். "ரெண்டும்தான்" என்பாள் தபிதா. "ஐயோ பாவம்" என்று அம்மா உண்மையாகவே வருத்தப்படுவாள். பிறகு கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுவாள். ஒருமுறை பலமனேர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவளை கண்டக்டர் இறக்கி அழைத்து வந்தார். அல்சைமர் என்று திருப்பதி டாக்டர் சொன்னதை தபிதா போனில் சொன்னபோது, அமெரிக்காவில் இருந்த தம்பி அனில் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டான். அதன் பிறகு அவளைவிட அவனுக்குத்தான் அந்த நோயைப் பற்றி அதிகம் தெரிந்தது.

கலைவாணி போனதும் ஒரு ஹோம் நர்சிங் ப்யூரோவின் எண்ணை அனில்தான் தேடிக் கொடுத்தான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ரத்னம்மா ஒரு ரெக்ஸின் பையோடு வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் எட்டணா அளவு குங்குமம். எல்லையோரக் கிராமம், பேச்சு தமிழ், படித்த ஐந்து வகுப்பும் தெலுங்கு. அதனால் தபிதா அந்தத் தாளைத் தெலுங்கிலேயே எழுதினாள்.

மறுநாள் காலை அவள் திருப்பதிக்குப் போக வேண்டும். பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் வேலை. போகாமல் இருக்க முடியாது. ஆனால் தினமும் போய் வரலாம். சித்தூரிலிருந்து இரண்டு மணி நேர பஸ்தான். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் அப்படித்தான் போய் வந்தார்கள். தபிதா அங்கேயே தங்கினாள். உடன் வேலை செய்யும் பிரேமலதாவின் தங்கை வீட்டு மாடியில் ஒரு அறை இருந்தது. அலைச்சல் தாங்காது என்று எல்லாரிடமும் சொன்னாள். அவளுக்கு வேண்டியிருந்தது தூக்கம். நான்கு வருடமாக ஒரு நாள்கூட விடியும்வரை தூங்கியதில்லை.

தாளில் ஒவ்வொன்றாக எழுதினாள். வெளியே போகும்போது கேட்டை வெளிப்பக்கமாகப் பூட்ட வேண்டும். போகிறவர் சாவியை, உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்ளும்படி, தெருப்பக்க ஜன்னல் வழியாக உள்ளே போட வேண்டும், கையில் எடுத்துப் போய்விடக் கூடாது. சமைத்ததும் சிலிண்டரை மூட வேண்டும். நிலைக்கண்ணாடியை மூடிய துணியை எடுக்கக் கூடாது, யாரோ நிற்கிறார்கள் என்று பயப்படுவாள். மாத்திரைகள், குளியல், மூத்திரத் துணி. பதினாறு வரி வந்தது. பதினேழாவதாக, "சாப்பாட்டுக்கு முன்" என்று எழுதினாள்.

அங்கேதான் பேனா நின்றது.

அம்மா நர்ஸாகச் சேர்ந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தவள். டூட்டி இருந்தாலும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. சாயந்திரம் யாராவது ஜெபம் பண்ணி ஆமென் சொன்ன பிறகுதான் கஞ்சி குடிப்பாள். நாட்கள் குழம்பிப்போனதும் அவளுக்கு எல்லா நாளும் வெள்ளிக்கிழமை ஆயிற்று. தட்டைக் கொண்டு வந்தால், "இன்னைக்கு உபவாசம்" என்று வாயை மூடிக்கொள்வாள். கெஞ்சினாலும் திட்டினாலும் திறக்க மாட்டாள். ஒருநாள் தபிதா சலித்துப்போய் அம்மாவின் கைகளைச் சேர்த்துப் பிடித்து, "ஆண்டவரே, இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும், ஆமென்" என்றாள். வாய் திறந்தது. அன்று முதல் மூன்று வேளையும் அதுதான். நாளாக ஆக ஜெபம்கூடத் தேவைப்படவில்லை. கையைச் சேர்த்து, ஆமென் என்றால் போதும். கலைவாணிக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சபைப் பெண், பார்த்தாள், செய்தாள்.

பேனாவோடு தபிதா நிமிர்ந்தபோது ரத்னம்மா பக்கத்தில் நின்று அவள் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குங்குமம். கையில் திருமலைக் கறுப்புக் கயிறு. இந்த அம்மாளிடம் எப்படி, மூன்று வேளையும் ஆமென் சொல்லுங்கள் என்று சொல்வது? வேலைக்கு வந்தவளை மதம் மாற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். அந்த வருடம் ஊரில் அப்படிப் பேச்சுகள் நிறைய இருந்தன. அதுவும் இல்லாமல், அது ஜெபமும் இல்லை. அம்மாவை ஏமாற்றும் ஒரு வித்தை. வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தாளை அப்படியே ஒட்டினாள். காலையில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

திங்கட்கிழமை மாலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள்.

"உபவாசம்ன்றாங்க டீச்சரம்மா. காலையிலருந்து வாயத் தொறக்கல. சாமி காரியம், நான் இன்னா பண்றது? வுட்டுடட்டுமா?"

வரிசையில் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். தபிதாவுக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை.

"சரி, விட்டுடுங்க. லெந்து உபவாச நாள்தானே. நாளைக்குச் சாப்பிடுவாங்க."

செவ்வாய்க்கிழமை, "பாலாடையில கொஞ்சம் பால் ஊத்தனேன். பாதி வெளியதான் வந்தது" என்றாள் ரத்னம்மா. "தண்ணி குடுத்துப் பாருங்க" என்றாள் தபிதா. புதன்கிழமை தபிதா போன் பண்ணவே இல்லை. பிரேமலதா அவளைத் திருமலை அடிவாரத்தில் அலிபிரிக்கு அழைத்துப் போனாள். படியேறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு இருவரும் வேர்க்கடலை தின்றார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. அன்று இரவு ஒன்பது மணி நேரம் தூங்கினாள். வியாழக்கிழமை ரத்னம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "கம்முனு படுத்துக்கினு கீறாங்க. எழுந்து நடக்கறதே இல்ல." எழுந்து நடப்பதே இல்லை என்றதும் தபிதாவின் தோள்கள் தளர்ந்தன. அது ஆறுதல் என்று அவளுக்கே அப்போது தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிக்கூடத்துக்குப் போன் வந்து, அங்கிருந்து செய்தி வந்து, மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தாள். கட்டிலில் கிடந்த உடம்பு சின்னதாகிவிட்டிருந்தது. கண் குழிக்குள் போயிருந்தது. தெருக்கோடி டாக்டர் நரம்பு கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்திவிட்டு, "வேலூர் கொண்டு போனாலும் வழி தாங்காது" என்று சொல்லிப் போயிருந்தார்.

தபிதா கைப்பையைக்கூடக் கழற்றவில்லை. அம்மாவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தாள்.

"ஆமென்" என்றாள்.

வாய் திறந்தது. ஒட்டியிருந்த உதடுகள் பிரிந்தன, ஓரத்தில் துளி ரத்தம் வந்தது, ஆனாலும் திறந்தது. நாக்கு லேசாக முன்னால் வந்து காத்திருந்தது.

பாலாடையோடு வாசலில் நின்ற ரத்னம்மா அதைப் பார்த்தாள். அவள் ஓடி வந்து கஞ்சித் தண்ணீரை ஊற்றினாள். விழுங்கவில்லை. கடைவாய் வழியாக வழிந்து தலையணையில் இறங்கியது. இன்னொரு முறை ஊற்றினாள். அதுவும் வழிந்தது. வாய் மட்டும் திறந்தே இருந்தது.

"அவ்ளோதானா?" என்றாள் ரத்னம்மா. சத்தமே வரவில்லை. "ஒரே வார்த்தயா?"

தபிதா முந்தானையால் அம்மாவின் கடைவாயைத் துடைத்தாள்.

"சாப்பாட்டுக்கு முன்னாலன்னு எழுதிட்டு ஒண்ணும் எழுதலியே. கை கழுவறதுக்குன்னு நெனச்சிக்கினேன். அஞ்சு நாளும் ஒவ்வொரு வேளைக்கும் சோப்பு போட்டுக் கை கழுவி வுட்டேன் டீச்சரம்மா."

இப்போது, சனிக்கிழமை காலையில், சபையில் மணி அடித்தது. ஒன்று விட்டு ஒன்று, நிதானமாக. தெருவில் குடச் சத்தம் நின்றது.

எட்டு மணிக்குள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கம் முழுவதும் வந்துவிட்டது. ஐஸ் பெட்டியும் வந்தது. ரத்னம்மாவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு கடைசி நாட்களைக் கேட்டார்கள். அவள் கேட்டதற்கு மட்டும் சொன்னாள். உபவாசம் என்றார்கள், அஞ்சு நாள் வாய் திறக்கவில்லை, என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அஞ்சு நாளா! ஸ்தோத்திரம்!"

"போன மாசம் வந்தப்ப என்னைப் பார்த்து நீ எந்த பெட்டு பேஷண்ட்டுன்னாங்க. இருவது வருஷப் பழக்கம். என்ன மறந்துட்டாங்க, கர்த்தர மறக்கல பாரு."

"உன்ன மறந்ததுல ஆச்சரியம் இல்ல. நீ வந்தா எதையாவது வாங்கிட்டுப் போறதுக்குத்தானே வருவ."

"சாவு வீட்லயும் உனக்கு வாய் அடங்காது."

சிரிப்பை முந்தானையில் மறைத்தார்கள். பிறகு அழுதார்கள். இரண்டும் உண்மையாகத்தான் இருந்தன. ஒரு அம்மாள் தபிதாவின் கையைப் பிடித்து, "கொடுத்து வெச்சவ நீ. இப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும்?" என்றாள். தபிதா தலையை ஆட்டினாள்.

அனிலின் போன் பத்து மணிக்கு வந்தது. டிக்கெட் கிடைத்தாலும் திங்கட்கிழமைக்கு முன் வர முடியாது, காத்திருக்க வேண்டாம் என்று முதலிலேயே அழுதுவிட்டு, பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு குரலில் கேட்டான்.

"அக்கா, டாக்டர்கிட்ட பேசினேன். டீஹைட்ரேஷன்றார். அஞ்சு நாள் அந்தப் பொம்பள சாப்பாடே குடுக்கலியாமே?"

"அம்மா வாயத் திறக்கல அனில்."

"திறக்கலன்னா உனக்குச் சொல்ல வேணாமா? உனக்குச் சொன்னாளா, இல்லையா?"

தொலைபேசி கூடத்தில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. எதிரே, சமையலறை வாசலில் தம்ளர்களை அடுக்கிக்கொண்டு ரத்னம்மா நின்றாள். அனில் கத்தியது அங்கேவரை கேட்டிருக்கும். அவள் தம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்து தபிதாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பஸ் வருமா என்று பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"நான் ப்யூரோக்காரன்கிட்ட பேசிட்டேன். இனிமே அவள எந்த வீட்டுக்கும் அனுப்பக் கூடாதுன்னு சொல்லிட்டேன். சரியா?"

ரத்னம்மா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். தபிதா ரிசீவரை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினாள். பிறகு சொன்னாள்:

"சரி."

ரத்னம்மா தம்ளர்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

அடக்க ஆராதனை நான்கு மணிக்கு. சித்தூர் வெயிலுக்கு அது மதியம்தான். பெட்டியைச் சுமந்தவர்களின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. போதகர் சத்தியநாதன் நல்ல மனிதர். அம்மாவைப் பார்க்க மாதம் ஒருமுறை வந்து, ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லிப் புதிதாக அறிமுகம் செய்துகொண்டவர். "ஊரையும் உறவையும் பெற்ற பிள்ளைகளையும் மறந்த எங்கள் சகோதரி, உம்மை மாத்திரம் மறக்கவில்லை ஆண்டவரே. அவள் மாம்சத்துக்குரிய ஆகாரத்தை மறுத்தாள். ஐந்து நாள் உம்மோடு தரித்திருந்து, உபவாசத்திலேயே உம்மிடம் வந்து சேர்ந்தாள்" என்றார்.

கல்லறைத் தோட்டம் முழுவதும் ஒரே குரலில் ஆமென் என்றது.

தபிதாவின் கண் பெட்டியின் மேல் போயிற்று. மூடியிருந்த பலகையைத் தாண்டி, கட்டிய துணியைத் தாண்டி, அங்கே என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்போல இருந்தது. மண்ணள்ளிப் போடச் சொன்னார்கள். யாரோ அவள் கையில் மண்ணைக் கொடுத்தார்கள். கூட்டத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு ரத்னம்மா நின்றிருந்தாள். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டாள்போல.

வீடு திரும்பியதும் சங்கத்துப் பெண்கள் கஞ்சியும் துவையலும் கொண்டு வந்து வைத்துவிட்டு, நாளைக்கு ஆராதனை முடிந்ததும் வருகிறோம் என்று போனார்கள். யாராவது துணைக்கு இருக்கட்டுமா என்று கேட்டதற்கு, "ரத்னம்மா இருக்காங்க" என்று தபிதா சொன்னாள். சொல்லிவிட்டுத்தான், அனிலிடம் சரி என்றது நினைவு வந்தது.

ரத்னம்மா ரெக்ஸின் பையை மூடிக்கொண்டிருந்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"ஆறரைக்கு ஒரு பஸ் கீது. போயிட்டு வரேன் டீச்சரம்மா."

"ரத்னம்மா, நான் அனில்கிட்ட..."

"வுடுங்க. அவரு தூரத்துல கீறாரு. யார்மேலயாவது கோவப்பட்டுத்தான் ஆவணும்."

"நான்தான் சொல்லாம விட்டேன். நான் சொல்லியிருக்கணும்."

"ஆமா" என்றாள் ரத்னம்மா. பையின் ஜிப் பாதியில் சிக்கியது. இழுத்துப் பார்த்துவிட்டு விட்டாள். "சொல்லியிருக்கணும். எனக்கு அதுல இன்னா தப்பு? மூணு வேளையும் சொல்லியிருப்பேனே. எங்க சாமியா வந்து கோச்சிக்கப்போவுது?" பையைச் சுவரோரமாக நகர்த்தினாள். "வேற வீடு குடுத்தாங்கன்னா, உள்ள கால வெக்கறதுக்கு முன்னால கேட்டுக்குவேன். இவங்களுக்கு இன்னா சொன்னா வாய் தொறக்கும்னு."

தபிதா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் திருப்பதியில் சாப்பிட்டதுதான். அது ரத்னம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ரத்னம்மாவும் இன்று சனிக்கிழமை ஒருபொழுது விரதம், காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு தம்ளரில் கஞ்சியை ஊற்றி, உப்புப் போட்டு, ஆற்றிக் கொண்டு வந்தாள். தபிதாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மடியில் கிடந்த தபிதாவின் இரண்டு கைகளையும் எடுத்துச் சேர்த்துப் பிடித்தாள். அவளுடைய உள்ளங்கை சொரசொரவென்று, சோப்பு வாசனையோடு இருந்தது.

"ஆமென்" என்றாள்.

புதிய வார்த்தையைச் சொல்கிறவர்களைப்போலக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

தபிதாவின் உதடுகள் திறக்கவில்லை. ரத்னம்மா காத்திருந்தாள். தெருவில் ஒரு லாரி போய் முடிந்தது. பிறகு கைகளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து, தம்ளரின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தாள். பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த தாளில் எழுதியிருந்தபடியே, ரத்னம்மா கேட்டை வெளிப்பக்கமாகப் பூட்டினாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு ஜன்னல் கம்பிக்கு நடுவே கை நுழைந்தது. சாவி சிமென்ட் தரையில் விழுந்து, கொஞ்ச தூரம் வழுக்கிப்போய், காலியான கட்டிலுக்கு அடியில் நின்றது.